ஏழு இறாத்தல்

நான் ஆட்டுப்பாலில் வளர்ந்தவள். நானாகச் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். என்னைப் பெற்ற மூன்றாம் நாள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். உடுப்பிட்டியில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் அப்போது குட்டி ஈன்ற வெள்ளாடு ஒன்று நின்றது. வெள்ளைச்சி என்று பெயர். அதுதான் எனக்குப் பால் தந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் நான் யாருடன் சண்டை பிடித்தாலும், வீட்டில் எதற்கு அடம் பிடித்தாலும், "ஆட்டுப்பால் குடிச்சவள் முட்டாமல் என்ன செய்வாள்" என்று எல்லோரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய் அழுவேன்.

அந்த ஆட்டின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனாலும், கல்யாணம் கட்டி நீர்வேலிக்கு வந்து, வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த அன்றே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். என் பிள்ளைக்கு என் பால்தான். நகை வேண்டும், சேலை வேண்டும், கல்வீடு வேண்டும் என்று மற்றப் பெண்கள் ஆசைப்படுவார்கள். எனக்கு இந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அறுபத்துமூன்றாம் ஆண்டு வைகாசியில், சோழகக் காற்று கிளம்பிய வாரத்தில் மகள் பிறந்தாள். தாய் வீட்டில் பெண்துணை இல்லாததால் தலைப்பிள்ளையை நீர்வேலியிலேயே பெற்றேன். மருத்துவிச்சி இரத்தினம்மா சைக்கிளில் வந்து பிள்ளையைப் பெறுவித்தாள். பிறகு வீட்டுக் கூரை வளையில் தன் வில்லுத்தராசைக் கொளுவி, பிள்ளையைத் துணியில் பொதிந்து அதில் தொங்கவிட்டாள்.

"அஞ்சு இறாத்தல். சின்னப் பிள்ளைதான். பயப்பிடாதை, பால் குடுக்கக் குடுக்க ஏறுவாள். ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் வந்து நிறுத்துப் பாப்பன்."

இந்த நிறுக்கிற கதை மச்சாளுக்குப் பிடிக்கவேயில்லை. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா, குணலட்சுமி. கணவனை இழந்து, கொழும்பு வாழ்க்கையை முடித்துக்கொண்டு தம்பி வீட்டோடு வந்திருந்தவள். வெங்காயத்தை நிறுக்கலாம், புகையிலையை நிறுக்கலாம், பெற்ற பிள்ளையைத் தொங்கவிட்டு இத்தனை இறாத்தல் என்று வாயால் சொல்லலாமா, நாவூறு பட்டுவிடாதா என்று அவள் கேட்டாள். அரசாங்க மருத்துவிச்சியிடம் அது எடுபடவில்லை. கடைசியில் ஒரு சமாதானம் செய்துகொண்டார்கள். பிள்ளையின் வெறும் மேனியைப் பார்த்துக்கொண்டு யாரும் எண் சொல்லக்கூடாது. பழைய வேட்டித் துணியில் கழுத்துவரை சுற்றித்தான் தராசுக்குத் தருவாள். இரத்தினம்மா சிரித்துக்கொண்டே துணிக்கென்று நாலு அவுன்சைக் கழித்துக்கொள்வாள்.

மச்சாளைக் கர்நாடகம் என்று நினைத்துவிட வேண்டாம். நாவூறு விஷயத்தில்தான் அப்படி. மற்றபடி அவள் கொழும்புக்காரி. "என்ரை மோன் பேணிப் பாலிலை வளந்தவன். இப்ப பார், ஆறடி" என்று நாளுக்கு நாலு தரம் சொல்வாள். எனக்கு வலி எடுக்கும் முன்பே பால்மா அடைத்த தகரப் பேணி ஒன்று வாங்கி, நான் படுத்திருந்த அறையின் தட்டில் வைத்துவிட்டாள். "கிடக்கட்டும், உதவும்" என்றாள். கண் விழிக்கும்போதெல்லாம் அந்தப் பேணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேல் கொழுத்த வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. பிரசவ வலியிலும் அந்தப் பிள்ளையோடு நான் மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

என் கணவர் தியாகராசாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாழைத் தோட்டம் செய்கிறவர். குலையைக் காம்பில் பிடித்து ஒரு தரம் தூக்கி இறக்கினால் போதும், நிறையைச் சொல்லிவிடுவார். சந்தையில் தராசு வைத்திருப்பவர்களே அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் படிக்கல்லை எடுப்பார்கள். பேச்சு மட்டும் அவரிடம் கிடையாது. ஆழக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது போல அவரிடமிருந்து ஒரு சொல்லை இழுத்து எடுக்க வேண்டும்.

அந்த முதல் மாதம் எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. நாட்களுக்குப் பெயர் இருக்கவில்லை. காலையில் மச்சாள் பாவட்டை இலையும் நொச்சி இலையும் போட்டுக் கொதித்த தண்ணீரை என் இடுப்பில் அடித்து வார்ப்பாள். சரக்கு அரைத்துக் காய்ச்சிய கறியோடு சோறு தருவாள். மிளகும் உள்ளியும் உடம்பெல்லாம் ஏறி, கண் தானாக மூடிக்கொள்ளும். பிள்ளை மார்பில் கிடப்பாள். அவள் குடிக்கிறாளா, நான் தூங்குகிறேனா, அல்லது அவள் தூங்க நான் குடிக்கிறேனா என்று குழம்பிவிடும். வெளியே சோழகம் பனைகளுக்குள் புகுந்து இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் அறையே மெல்ல எங்கோ நகர்ந்து போவதாகத் தோன்றும். கதவு நீக்கலால் வந்த வெயில் சுவரில் மேலே ஏறி, மங்கி, காணாமல் போகும். அப்போதுதான் ஒரு பகல் முடிந்துவிட்டது என்று தெரியும்.

சில வேளைகளில் கதவடியில் வெள்ளைச்சி வந்து நிற்கும். செத்து எத்தனையோ வருடமான ஆடு, அசை போட்டபடி, உள்ளே வராமல் என்னையே பார்க்கும். "போ, இஞ்சை உனக்கு அலுவல் இல்லை" என்று சொல்வேன். அது போய்விடும். கண் விழித்துப் பார்த்தால் பால் கசிந்து பாய் நனைந்திருக்கும், பிள்ளை வாயோரம் பாலோடு உறங்கிக்கொண்டிருப்பாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்பு இருந்ததில்லை.

பதினேழாம் நாள் இரத்தினம்மா வந்து நிறுத்தாள். ஐந்தரை இறாத்தல். "மெல்ல ஏறுது, காரியமில்லை" என்றாள்.

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, பிள்ளைக்கு மகாதேவி என்று பெயர் வைத்தோம். உடுப்பிட்டியிலிருந்து என் அண்ணை கனகலிங்கம் தாய்மாமன் முறைக்கு வந்தார். தாயில்லாமல் வளர்ந்த தங்கைக்குக் குறை வைக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, வெள்ளியை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அரைஞாண், காலுக்குத் தண்டை, கைக்குக் காப்பு. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் தடிப்பு. ஒரு வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவு.

"வளர்ற பிள்ளைதானே. பெரிசாய்ச் செய்விச்சால் கனகாலம் போடலாம்" என்றார் அண்ணை.

தண்டையும் காப்பும் கழன்று விழுந்ததால் மச்சாள் அவற்றைக் கறுப்பு நூலால் கட்டிவிட்டாள். வருகிறவர்கள் கண் வைப்பார்கள் என்று மேலே துணியையும் சுற்றினாள். இரண்டு நாள் கழித்து இரத்தினம்மா வந்தபோது பிள்ளை அப்படியேதான் இருந்தாள். வேட்டித் துணிப் பொதியைத் தராசில் கொளுவினார்கள். முள் இறங்கி நின்ற இடத்தை இரத்தினம்மா இரண்டு தரம் பார்த்தாள்.

"துணி போக ஏழு இறாத்தல்" என்றாள். "நல்ல தாய்தான் நீ. இனி உங்கடை பேணியைத் தேத்தண்ணிக்குப் பாவியுங்கோ, குணலட்சுமி."

ஏழு இறாத்தல். அன்று முழுவதும் அதை வாய்க்குள் கற்கண்டு போல வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் ஏழு இறாத்தலும் என் உடம்பிலிருந்து போனது. ஆடு இல்லை, பேணி இல்லை, நான். கணவர் வாசலில் நின்று தராசையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். புருவம் கொஞ்சம் சுருங்கியது. ஏதோ சொல்லப்போகிறவர் போல வாயைத் திறந்து மூடிக்கொண்டார். சந்தோஷத்தில் அவருக்கு வார்த்தை வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அன்று எல்லாமே சந்தோஷமாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் வெக்கை கூடி, அரைஞாண் கிடந்த இடமெல்லாம் பிள்ளைக்கு வேர்க்குரு போட்டுவிட்டது. நான்தான் எல்லாவற்றையும் கழற்றினேன். கணவரின் கைலேஞ்சி ஒன்றில் முடிந்து பெட்டகத்துக்குள் போட்டேன். வெள்ளி போனதும் பிள்ளை காலை உதறி உதறிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தோடு அதை மறந்துவிட்டேன்.

நாற்பத்தேழாம் நாள் இரத்தினம்மா வந்தாள். பொதியைக் கொளுவினாள். பார்த்தாள். இறக்கித் தராசைத் தட்டிவிட்டுத் திரும்பவும் கொளுவினாள்.

"என்ன?" என்றேன்.

"ஆறே முக்கால். கால் இறாத்தல் இறங்கிப்போச்சு."

அவள் பிள்ளையை இறக்கி என் மடியில் வைத்தாள்.

"உனக்குப் பால் காணாது போலை கிடக்கு, பிள்ளை" என்றாள் இரத்தினம்மா. குரல் தணிந்துதான் இருந்தது. "சின்னனாய்ப் பிறந்தவள். இறங்க விடேலாது. பேணிப் பால் துவங்குவம். இன்னும் இறங்கினால் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்."

எதற்கெடுத்தாலும் முட்டுகிறவள் நான், அன்று முட்டவில்லை. பிள்ளை இளைக்கிறாள் என்று சொன்ன பிறகு எந்தத் தாய் முட்டுவாள்? மச்சாள் பேணியை எடுத்து மூடியைக் கிளப்பினாள். அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், சண்டையாவது பிடித்திருக்கலாம். அவளோ வாயே திறக்காமல் பால் குடிக்கிற போச்சியை அவித்து, சூப்பியை அவித்து, ஆறிய வெந்நீரில் மாவை அளந்து கரைத்தாள். பிள்ளை முதலில் முகத்தைச் சுழித்தாள். பிறகு குடித்தாள். குடித்துவிட்டு மச்சாளின் மடியில் நிம்மதியாக உறங்கினாள்.

எனக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் காய்ந்தது. வேலியோரம் பூத்த மல்லிகையைப் பறித்து வந்து மச்சாள் என் மார்பில் வைத்துத் துணியால் கட்டினாள். "பூ வைச்சுக் கட்டினால் வத்திப்போம். நோகாது" என்றாள். ஒவ்வொரு நாளும் வாடிய பூவை எடுத்து எறிந்துவிட்டுப் புதுப் பூ வைத்தாள். அறை முழுக்க மல்லிகை மணத்தது. கல்யாண வீட்டில் வருகிற மணம். கண்ணை மூடினால் பால் எங்கோ தூரத்தில், மணலுக்குள் இறங்கும் தண்ணீராக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றும். கையை நீட்டிப் பிடிக்க நினைப்பேன். கை எழும்பாது.

வெள்ளைச்சி திரும்பவும் வரத் தொடங்கியது. இப்போது கதவடியில் நிற்கவில்லை. அறைக்குள்ளே வந்து, பிள்ளை உறங்கும் ஏணைக்குப் பக்கத்தில் நின்றது. நான் அதைப் போகச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். கணவர் பிள்ளையைத் தூக்குவதை விட்டுவிட்டார். முன்பெல்லாம் தோட்டத்தால் வந்து கைகால் கழுவியதும் பிள்ளையை அள்ளி, ஒரு தரம் மேலே தூக்கி, நெஞ்சோடு வைத்துக்கொள்வார். தராசு இறங்கிய நாளிலிருந்து ஏணையை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது. தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தெரியாதவளைக் கட்டினோமே என்று நினைக்கிறார் போலும் என்று படுத்துக் கிடந்தபடி அவரோடும் மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

தராசு இறங்கிப் பன்னிரண்டாம் நாள். அடுத்த நாள் பிள்ளையை முதல்முதலாகப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோவதாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைக்கு நகை போட வேண்டும் என்று மச்சாள் சொல்ல, கணவர் பெட்டகத்தைத் திறந்து கைலேஞ்சி முடிச்சை எடுத்தார். நான் அரைத் தூக்கத்தில் கிடந்தேன். கண் இமைக்குள் வெயில் சிவப்பாக இருந்தது. அவர் முடிச்சைக் கையில் வைத்து, பழக்க தோஷம், ஒரு தரம் தூக்கி இறக்கினார்.

"முக்கால் இறாத்தல் தேறும்" என்று தனக்குள் சொன்னார்.

அந்தச் சொல் வந்து என் தூக்கத்துக்குள் விழுந்தது. முக்கால் இறாத்தல். அது அங்கேயே மிதந்துகொண்டு நின்றது. ஏழு இறாத்தல் என்றாளே, அதுவும் பக்கத்தில் வந்து நின்றது. ஏழில் முக்கால் போனால் ஆறேகால். ஆறேகாலுக்குப் பிறகு ஆறே முக்கால். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சொன்னீங்கள்?"

"இந்த முடிச்சைத்தான். முக்கால் இறாத்தலுக்குக் குறையாது."

"ஏழு எண்டு நிறுத்த அண்டைக்கு உது முழுக்கப் பிள்ளையின்ரை மேலிலைதான் கிடந்தது."

அவர் முடிச்சைப் பார்த்தார். கையிலிருந்த தண்ணீர்ச் செம்போடு மச்சாள் வாசலில் அப்படியே நின்றாள்.

"பேந்து நான் கழட்டினனான். அவள் இறங்கேல்லை. என்ரை பாலிலை அரை இறாத்தல் ஏறியிருக்கிறாள்" என்றேன். பிறகு எனக்கு வேறொன்று உறைத்தது. "நீங்கள் ஒவ்வொரு நாளும் பிள்ளையைத் தூக்கினனீங்கள். வாழைக்குலைக்குத் தெரியிற கைக்குப் பெத்த பிள்ளை தெரியேல்லையோ?"

அவர் கையிலிருந்த முடிச்சை ஒரு தரம் இறுக்கினார்.

"தெரிஞ்சது" என்றார்.

"என்ன தெரிஞ்சது?"

"பாரம் ஏறினது. கிழமைக்குக் கிழமை ஏறினது. ஏழு எண்டு சொன்ன அண்டைக்கு, அது கூடிப்போச்செண்டும் தெரிஞ்சது."

"வாய் ஏன் திறக்கேல்லை?"

"தேப்பன் தன்ரை பிள்ளையின்ரை பாரத்தைச் சொல்லக்கூடாது, கமலா. அதைப்போலை நாவூறு வேறை இல்லை." முடிச்சை மெல்லப் பாயில் வைத்தார். "ஒவ்வொரு நாளும் தூக்கேக்கை, ஏறுறாள், ஏறுறாள் எண்டு மனசுக்குள்ளை நினைச்சுச் சந்தோசப்பட்டனான். பேந்து இரத்தினம்மா குறைஞ்சுபோச்செண்டு சொன்னவுடனை, நான் நினைச்சதுக்கே பட்டுப்போச்செண்டு பயந்திட்டன். அதுக்குப் பிறகு தூக்கப் பயம். தூக்கினால் கை நிறுத்துப்போடும். அதை நான் என்னெண்டு மறிக்கிறது?"

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. கோபம் எனக்குத் தலைவரை ஏறியிருந்தது. அந்தக் கைகளைப் பார்த்தேன். வாழைக் கறை படிந்து கறுத்த கைகள், தங்கள் பிள்ளையைத் தொடப் பயந்து பன்னிரண்டு நாள் சும்மா கிடந்த கைகள். ஏச நினைத்ததை ஏச முடியவில்லை. மார்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். மல்லிகைப் பூக்கள் மடியில் கொட்டுண்டன. அவற்றை அள்ளி யன்னலால் வெளியே எறிந்தேன்.

மறுநாள் கோயிலுக்குப் போகவில்லை. இரத்தினம்மாவுக்கு ஆள் அனுப்பினோம். வந்தவள் விஷயத்தைக் கேட்டதும் கைலேஞ்சி முடிச்சைத் தராசில் கொளுவினாள். முள் பன்னிரண்டு அவுன்சில், சரியாக முக்கால் இறாத்தலில் நின்றது. அவள் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானெல்லோ துணியை அவிழ்த்துப் பாத்திருக்கவேணும்" என்றாள்.

"துணியைச் சுத்தினது நான்" என்றாள் மச்சாள்.

"கழட்டிப்போட்டு மறந்தது நான்" என்றேன். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பங்கு எங்களுக்குத் தெரியும்.

இரத்தினம்மா என் மார்பை அமுக்கிப் பார்த்தாள். ஒரு துளி வரவில்லை. "வத்தினது திரும்பி ஊறும். ஆனால் பேணியை ஒரேயடியாய் நிப்பாட்டாதை, பிள்ளை காஞ்சுபோவாள். எப்பவும் முதல் மாரிலை விடு, பேந்து போச்சி. பால் ஊற ஊறப் போச்சியைக் குறை. கிழமைக்கு ஒருக்கால் நான் வாறன்."

சொல்வது சுலபம். போச்சிக்குப் பழகிய பிள்ளை என் மார்பைக் கண்டால் வீரிட்டு அழுதாள். முகத்தைத் திருப்பினாள், காலால் உதைத்தாள். என்னைப்போலவே முட்டினாள். முதல் மூன்று நாளும் அவள் ஒரு பக்கம் அழ நான் ஒரு பக்கம் அழுதேன். பால் வராமலே போய்விட்டால் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இல்லை.

கணவர் விடியும் முன்பு சைக்கிளை எடுத்துக்கொண்டு குருநகர்க் கடற்கரைக்குப் போய், தோணி வந்த கையோடு பால்சுறா வாங்கி வந்தார். பால் ஊறுவதற்கு அதை மிஞ்சின சாப்பாடு இல்லை. அதை வறையாக வறுத்தவள் மச்சாள். கணவன் செத்த நாள் முதல் மீன், மச்சம் தொடாதவள், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுறாவை அவித்து, உதிர்த்து, உள்ளியும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கிளறினாள். கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"எனக்கு ஒரு சொட்டும் வரேல்லை, கமலா" என்றாள்.

"எப்ப, மச்சாள்?"

"மோன் பிறந்தாப்போலை. கொழும்பிலை பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அவரிட்டை, இஞ்சை எல்லாரும் பேணிதான் குடுக்கினம், அதுதான் நாகரிகம் எண்டு சொல்லிப்போட்டன். அதையேதான் இண்டுவரைக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "சாப்பிடு. ஆறுது."

அந்தப் பேணியை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பது அவளுக்குத் தெரியும். அது அவளுக்கு என்னவாக இருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்று மத்தியானம் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் பிள்ளையை மார்பில் வைத்துக்கொள்ள, அவள் பக்கத்தில் இருந்து தேக்கரண்டியால் பேணிப் பாலைத் துளித் துளியாக என் மார்பின் மேல் வார்த்தாள். பால் வழிந்து பிள்ளையின் உதட்டில் பட்டது. அழுகையை நிறுத்தி நக்கினாள். பிறகு பிடித்துச் சூப்பினாள். என் மேலால் வழிவது பேணிப் பால் என்று அவளுக்கு என்ன தெரியும்? மச்சாள் மணிக்கணக்காக அப்படி வார்த்தாள். சேலை, பாய், தலையணை எல்லாம் பால். மூன்று பேரும் அந்த ஈரத்தில் கிடந்து தூங்கிப்போவோம். விழித்தால் திரும்பவும் தொடங்குவோம்.

திரும்பவும் நாட்களுக்குப் பெயர் இல்லாமல் போனது. வெயில் சுவரில் ஏறி இறங்கியது. தோட்டத்தில் காற்று வாழையிலைகளைக் கிழித்துக்கொண்டிருந்த சத்தம் தூக்கத்துக்குள் வந்தது. வெள்ளைச்சி ஏணைக்குப் பக்கத்திலிருந்து கதவடிக்குப் போனது. கதவடியிலிருந்து முற்றத்துக்குப் போனது. பிறகு ஒரு நாள், அது வந்து கனநாளாகிவிட்டது என்று நினைத்தேன். போச்சியில் கரைக்கும் பால் ஆறு அவுன்சிலிருந்து நாலாகி, நாலிலிருந்து இரண்டாகியிருந்தது.

ஆவணி பிறந்து சில நாள் இருக்கும். விளக்கு வைக்கிற நேரம். மச்சாள் குசினி அடுப்பில் போச்சியை அவித்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து பிள்ளையை மார்பில் வைத்திருந்தேன். நெஞ்சுக்குள் ஊசியால் குத்துவது போல ஒரு கூச்சம் ஓடியது. மறந்துபோயிருந்த கூச்சம். பிள்ளை ஒரு கணம் சூப்புவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு விழுங்கினாள். தொண்டையில் குளுக் என்று ஒரு சத்தம். இன்னொரு சத்தம். பிறகு எண்ண முடியாமல், மூச்சு வாங்க, வாயோரம் வழிய வழிய விழுங்கிக்கொண்டே இருந்தாள். நான் அசையவில்லை. அசைந்தால் கனவு கலைந்துவிடும் என்று பயந்தேன். அவள் வயிறு நிறைந்து தானாக வாயை எடுத்தாள். போச்சியோடு வந்த மச்சாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, அந்தப் போச்சியோடே திரும்பிக் குசினிக்குப் போனாள்.

கணவர் தோட்டத்தால் வந்து கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். ஏணையை எட்டிப் பார்த்தார். ஏணையில் பிள்ளை இல்லை.

"இந்தாருங்கோ, தூக்குங்கோ" என்றேன்.

அவர் தயங்கினார்.

"தூக்குங்கோ. துணி இல்லை, வெள்ளி இல்லை. வெறும் பிள்ளை."

இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினார். பழைய பழக்கத்தில் ஒரு தரம் மேலே தூக்கி இறக்கினார். முகம் மாறியது. நான் காத்திருந்தேன்.

"சொல்லுங்கோ" என்றேன். "தராசு சொல்லி நான் கேக்கமாட்டன். உங்கடை வாயாலை சொல்லுங்கோ."

பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார், யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போல.

"பாரமாயிருக்கிறாள்" என்றார். "பிள்ளை நல்ல பாரமாயிருக்கிறாள், கமலா."

நான் பெரிதாக அழுதுவிட்டேன். மச்சாள் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு நாவூறு கழிக்கக் குசினியிலிருந்து ஓடிவந்தாள். பிள்ளைக்கும் தகப்பனுக்கும் எனக்குமாகச் சேர்த்து மூன்று தரம் சுற்றினாள். நான் தடுக்கவில்லை.